வாசலண்டையில் நின்ற ஐந்து சகோதரிகள்

தியான வேதபகுதி: எண்ணாகமம் 27:1-11, யோசுவா 17:3-6, அப்போஸ்தலர் 16:11-15, 40



நம் ஆரணியில் ஒரு பட்டுச்சேலை உருவாகும் விதத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். பட்டு இழைப்பதிலும், தார் சுற்றுவதிலும், பாவு பிணைப்பதிலும் பெண்களின் கை படாத சேலை அரிது. அநேக வீடுகளில் தறியில் அமர்ந்து நெய்கிறவர்களும் அவர்களே. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலில் உள்ள சுமார் 35 லட்சம் பேரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். ஆனாலும் "நெசவாளர்" என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுகிறவர் ஓர் ஆண். கூலியைப் பேசுகிறவரும், சங்கத்தில் கையொப்பமிடுகிறவரும் பெரும்பாலும் அவரே.

தறியில் மாத்திரமல்ல, வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கடையிலும் வேலைசெய்கிற நம் சபையின் சகோதரிகளும் இதே நிலையை அறிவார்கள். பொறுப்பு அவர்கள் கையில் இருக்கிறது. கணக்கு, ஆட்கள், நேரம் யாவையும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தீர்மானம் எடுக்கும் வேளை வந்தால் நாற்காலி வேறொருவருக்குப் போடப்படுகிறது. நிர்வகிக்கிறவள் எப்பொழுது தலைவியாக அறியப்படுவாள்? இக்கேள்வியை வேதத்தின் வெளிச்சத்தில் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலாவது, உரியதைக் கேட்பது பெருமையாகாது. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவர். தகப்பன் ஆண் வாரிசின்றி வனாந்தரத்தில் மரித்தார். அவர்கள் கூடாரத்திற்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கவில்லை. மோசேக்கும், ஆசாரியனுக்கும், பிரபுக்களுக்கும், சபையனைத்திற்கும் முன்பாக ஆசரிப்புக் கூடார வாசலிலே வந்து நின்று தங்கள் வழக்கைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். மோசே அதைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் சொல்வது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு இஸ்ரவேலுக்கெல்லாம் பிரமாணமாயிற்று. "தாழ்மை" என்னும் நற்பண்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, தாங்கள் செய்த வேலையைத் தங்களுடையது என்று சொல்லவும் தயங்குகிற சகோதரிகள் நம்மிடையே உண்டு. தாழ்மை உண்மையை மறைக்கச் சொல்வதில்லை.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பிரமாணம் பிறந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. கானானில் நிலம் பங்கிடப்பட்ட நாளில், அந்த ஐவரும் யோசுவாவின் முன் மறுபடியும் வந்து கட்டளையை நினைப்பூட்ட வேண்டியிருந்தது. அதன் பின்பே அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 2016இல் நம் மாநிலம் உள்ளாட்சி அமைப்புகளில் 50 சதவீத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. ஆயினும் மனைவி வெற்றிபெற்ற நாற்காலியில் கணவர் அமர்ந்து பேசும் காட்சி இன்னும் மறையவில்லை. பதவி காகிதத்தில் வந்துவிடும். பங்கு கையில் வந்துசேர, மறுபடியும் எழுந்து நிற்கவேண்டியதாயிருக்கிறது.

இரண்டாவது, தலைமை என்பது மற்றவர்களை உருவாக்குவது. நமக்கு அண்டையிலுள்ள வேலூரைப் பாருங்கள். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர், மருத்துவம் கற்று 1900ஆம் ஆண்டு வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார். ஒற்றைப் படுக்கையில் ஆரம்பித்த பணி அது. ஆயுள் முழுவதும் தாமே நோயாளிகளைப் பார்த்து ஒரு மருத்துவமனையைச் செம்மையாய் நடத்தியிருந்தாலும் நாம் அவரை நன்றியோடு நினைத்திருப்போம். ஆனால் தம் இரு கைகள் போதாது என்று அவர் கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பிற்காலத்தில் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் விசாகப்பட்டினத்துப் பெண்மணி, அந்த வேலூர் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். வேலையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவர் திறமையான நிர்வாகி. தனக்குப் பின்வருகிறவர்களை ஆயத்தப்படுத்துகிறவரே தலைவர். சகோதரியே, உங்கள் வேலையை உங்களைப்போலவே செய்ய யாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்?

மூன்றாவது, வேலையில் கிடைத்த தலைமை ஆசீர்வாதமாகப் பெருகவேண்டும். லீதியாள் தியத்தீராவிலிருந்து வந்து பிலிப்பியில் இரத்தாம்பரம் விற்றவள். விலையுயர்ந்த துணி வியாபாரம். நம் ஊர்க்காரர்களுக்கு அவளை எளிதாகப் புரியும். சரக்கின் தரம், வாங்குகிறவரின் மனம், கடனின் எல்லை யாவும் அறிந்தவளாயிருந்திருக்க வேண்டும். கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். அவள் தன் வீட்டைத் திறந்தாள். சிறையிலிருந்து விடுதலையான பவுலும் சீலாவும் நேராக அவளுடைய வீட்டுக்கே போய், அங்கே சகோதரரைக் கண்டு ஆறுதல் சொன்னார்கள். ஐரோப்பாவில் நாம் வாசிக்கும் முதல் விசுவாசக் கூட்டம் ஒரு துணி வியாபாரப் பெண்ணின் கூரையின் கீழ் கூடிற்று.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஐந்து பெண்கள் பேசியபோது, மோசே அவர்களை அதட்டவுமில்லை. வீட்டிற்குப் போய்த் தகப்பனின் சகோதரரை அனுப்புங்கள் என்று சொல்லவுமில்லை. கேட்டார், தேவசமுகத்திற்குக் கொண்டுபோனார். தலைமையை அடைவது பெண்ணின் முயற்சியானால், அதை அங்கீகரிப்பது நம் கடமை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் முதல் பெண் பேராயரைக் காண 2013ஆம் ஆண்டுவரை காத்திருந்தது, அறுபத்தாறு வருடங்கள்! அறுப்பின் பண்டிகைக்குச் சமைக்கவும், காணிக்கை சேகரிக்கவும் சகோதரிகளைத் தேடுகிற நாம், சபையின் பணத்தையும் எதிர்காலத்தையும் குறித்து முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் வைக்கிறோமா?

இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, தறிக்கூடத்திலோ, அலுவலகத்திலோ ஒரு பெண் சுமக்கும் பொறுப்பை, அவள் பெயரைச் சொல்லி, நான்கு பேர் கேட்கப் பாராட்டுங்கள். அடுத்த தீர்மானத்தை எடுக்கும் முன் அவளுடைய ஆலோசனையைக் கேளுங்கள்.

ஜெபம்: எங்கள் பரமபிதாவே, ஐந்து சகோதரிகளின் நியாயத்தைக் கேட்டவரே, எங்கள் சகோதரிகளுக்கு எழுந்து நிற்கும் தைரியத்தையும், எங்கள் யாவருக்கும் கேட்கும் செவியையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.