ஓடிய காரின் ஜாதகம்

ஹைதராபாத் கொண்டாப்பூரில் வசிக்கும் அந்த மென்பொருள் பொறியாளருக்கு அப்போது வயது 50. சொந்த ஊர் திருநெல்வேலி. கல்லூரி நாளிலிருந்தே ஒரு ஆசை: இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். 2024-ல் ஆசையும் வங்கிக் கணக்கும் ஓரளவு நெருங்கி வந்தன. ஆனால் இரண்டு வருடத்தில் மகளுக்குக் கல்லூரி. "வேண்டாம்னு சொல்லலைங்க. வாங்கின பிறகு செலவு வைக்காத வண்டியா பாருங்க" என்றார் மனைவி.

சிக்கல் அங்கேதான். புதிய ஜெர்மன் கார் என்றால் சேமிப்பு முழுக்கக் காலி. ஷோரூமே சோதித்து, சான்றிதழும் ஒரு வருட வாரண்டியும் தரும் பழைய கார் என்றால் பாதிப் பணம் மிச்சம். எது காலை வாராது?

புதியதுதான் நம்பகம் என்று நினைத்தார் அவர். அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "புது பஸ் வந்த முதல் மாசம்தான் தம்பி எங்களுக்கு ராத்திரி வேலை."

பஸ்ஸுக்கு மட்டுமல்ல, உலகின் உயர்ந்த கார்களுக்கும் இது பொருந்தும். 2014-ல் போர்ஷே நிறுவனம் தன் புத்தம்புதிய 911 ஜிடி3 கார்கள் 785-ஐயும் ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து இரண்டு கார்கள் தீப்பிடித்திருந்தன. கடைசியில் அத்தனை கார்களுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. புதிய காரும் பழுதாகும். செலவு நிறுவனத்துடையது என்பதுதான் அதன் பலம்.

சான்றிதழின் பலமும் அவ்வளவுதான். பழைய காருக்குச் சான்று தருமுன் போர்ஷே 111 அம்சங்களைச் சோதிக்கிறது. மற்ற நிறுவனங்களிடமும் இப்படிப் பட்டியல் உண்டு. ஆனால் எந்தச் சோதனையும் அன்றைய உடல்நிலையைச் சொல்லுமே தவிர, முழு ஜாதகத்தையும் சொல்லிவிடாது.

ஷோரூமில் அவர் பார்த்தது 2019-ல் பதிவான கார். ஐந்து வருடத்தில் 11,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார். குறைவாக ஓடுவதுதான் பெருமை என்றால் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் நிஜாமின் 1912 ரோல்ஸ் ராய்ஸை எந்தக் காரும் மிஞ்ச முடியாது! நின்றே கிடக்கும் காரில் ரப்பர் சீல்கள் காய்கின்றன, பேட்டரி சாகிறது, டயர் இறுகுகிறது.

அப்பா வேறொன்று கேட்டார்: "2020 வெள்ளத்துல இந்த வண்டி எங்கே நின்னுச்சு?"

அந்த அக்டோபர் 13 இரவு கொட்டிய மழையில் டோலிசௌக்கி உள்ளிட்ட பல பகுதிகள் மூழ்கின. தரையோடு ஒட்டி நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே அதிகம். காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால், அதை பிஸ்டனால் அமுக்க முடியாது, ராடு வளைந்துவிடும். எஞ்சின் தப்பினாலும் ஒயர் இணைப்புகளில் மெல்லத் துரு ஏறி, மாதங்கள் கழித்து வேலையைக் காட்டும்.

சர்வீஸ் பதிவில் 2020 செப்டம்பருக்குப் பிறகு ஆறு மாதம் வெற்றிடம். கொரோனா காலம், உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அப்பா சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற காரில் அங்கே சேற்றுக்கறை இருக்கும். கறை இல்லை. ஆனால் இரண்டு முன் பெல்ட்டுகளும் புத்தம்புதியவை. "ஏன் மாத்தினாங்க?" என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

இருவரும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அவர் வாங்கியதும் சான்றிதழ் பெற்ற பழைய கார்தான். 38,000 கி.மீ. ஓடியது. ஒருமுறை கண்ணாடி உடைந்து மாற்றியது வரை எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. இன்ஷூரன்ஸ் கோரிக்கை விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கினார். வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டினார். வாரண்டியில் எவை சேராது என்ற பக்கத்தை இரண்டு முறை படித்தார். மிச்சப் பணம் மகள் பெயரில் டெபாசிட் ஆனது.

கார் இதுவரை காலை வாரவில்லை. ஆனாலும் ஹைதராபாத்தில் மேகம் கறுத்தால் அது வெளியே வருவதில்லை. அன்றைக்கு அவர் அலுவலகம் போவது வீட்டிலிருக்கும் பழைய மாருதியில்.