கிரீடத்தின் கீழ் ஓர் ஆண்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லகாட் கடைவரிசைக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டின் கார் கொட்டகையில் நீளமான வேலைமேசை கிடக்கிறது. அதன்மேல் அரம், சுத்தியல், பித்தளைப் பஞ்ச், பூதக்கண்ணாடி. நுனி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குத் தீட்டப்பட்ட திருப்புளிகள் தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. துப்பாக்கி மட்டும் இல்லை. இருக்கவும் கூடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, மாநில போலீஸ் தலைவரின் லைசென்ஸ் இல்லாமல் மலேசியாவில் ஒருவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க முடியாது. மேசைக்கு உரியவர் அந்தச் சட்டத்தை வாழ்நாள் முழுக்கக் காத்தவர். போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இங்கே அவர் ‘ஐயா’ மட்டும்.

அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பிட்டர். பால் ஷீட்டை அழுத்தும் உருளை மிஷினைக் கழற்றி மாட்டுவதில் பேர் வாங்கியவர். அரத்தை எப்படிப் பிடிப்பது என்பதை ஐயா கற்றது அந்த மிஷின் இருந்த தோட்டத்து ஸ்டோரில்தான். துப்பாக்கி பிறகு வந்தது.

பேராக் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் துப்பாக்கி என்றால் வேடிக்கைப் பொருள் அல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதன் விதிகளில் லைசென்ஸ் இல்லாத ஆயுதத்துக்கு மரண தண்டனை. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசின் முயற்சியும் அவரைக் காப்பாற்றவில்லை. வயதான தோட்டத் தொழிலாளர்கள் இன்றும் துப்பாக்கி என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள் என்றால் அதற்கு இந்த வரலாறே காரணம்.

இன்றைக்கு இங்கே லைசென்ஸோடு புழங்குவது பெரும்பாலும் பன்றி விரட்டும் ‘செனாபாங் பாத்தா’. குழலை மடக்கித் தோட்டா போடும் சாட்கன் அது. ஐயாவின் தனி ஈடுபாடோ லீவர் துப்பாக்கிகளில். விசைக்குக் கீழே உள்ள பிடியை இறக்கி ஏற்றினால் பழைய கூடு வெளியேறி, புதிய தோட்டா உள்ளே போகும் அமெரிக்க வகை. லீவரை இறக்கினால் பின்கதவு திறந்து பழைய கூடு வெளியே வந்தாலும், புதிய தோட்டாவைக் கையால் வைக்க வேண்டிய ஆங்கிலேய மார்ட்டினி வகை. இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் பிள்ளைகள். அவற்றைத் தொட இப்போது அவருக்கு வழியில்லை. ஆனால் பிரிஸ்பனில் அவருடைய அக்கா மகன், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் பழுது பார்க்கிறார். ஆஸ்திரேலியாவில் லீவர் ரைபிளை முறையான உரிமத்தோடு வைத்திருக்கலாம். கடைக்குப் பழைய சாமான் வந்தால் படங்கள் லகாட்டுக்கு வந்துவிடும்.

நான் போயிருந்த காலையில் வந்தது ஒரு மார்ட்டினி-ஹென்றி. 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ரைபிள். பின்பக்க இயக்கம் ஃபிரெட்ரிக் வான் மார்ட்டினியுடையது, குழலின் உட்பள்ளம் எடின்பரோ அலெக்சாண்டர் ஹென்றியுடையது. 1879இல் சூலு போரில் பெயர் பரவியது.

“மாமா, வலது பக்கம் நல்லாத் தெரியுது பாருங்க. கிரீடம், கீழ வி.ஆர். இங்கிலாந்து சாமானாத்தான் இருக்கும்.”

ஐயா கைப்பேசித் திரையை விரலால் விரித்தார். கிரீடம் பெரிதானது. அதன் கீழே வி.ஆர், அதற்கும் கீழே தொழிற்சாலைப் பெயர், கடைசியில் ஆண்டு: 1907.

“கண்ணு, விக்டோரியா ராணி எப்ப செத்தாங்க?”

மறுமுனையில் பதில் இல்லை. வி.ஆர் என்பது விக்டோரியா ராணியின் முத்திரை; ராணி இறந்தது 1901 ஜனவரி. அதற்குப் பிறகு எந்த அரசுத் தொழிற்சாலையும் அவர் முத்திரையோடு புது ஆண்டைப் பொறிக்காது. ஐயா அடுத்து எழுத்துகளைப் பார்த்தார். என்ஃபீல்டு என்ற பெயரில் வரும் ‘என்’ எழுத்தின் குறுக்குக்கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத கொல்லர்கள் அசலைப் பார்த்து அரத்தாலும் உளியாலும் செய்தவை கைபர் துப்பாக்கிகள். எழுத்து அவர்களுக்குப் பூவேலை மாதிரி ஒரு வடிவம். இடம் வலம் மாறினால் தெரியாது. ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அயல்நாட்டுச் சிப்பாய்கள் பலர் இவற்றை அசல் என்று நம்பி வாங்கி ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

“சுட்டுப் பாக்காத. என்ன இரும்புன்னு யாருக்கும் தெரியாது. ஆனா குப்பைன்னு சொல்லாத. கையால பிளாக்கு அறுத்திருக்கான் பாரு, அந்த மூலை எவ்ளோ நேரா இருக்குன்னு.”

இந்த வாக்கியத்துக்காகவே லகாட்டுக்குப் போனது வீண்போகவில்லை என்று தோன்றியது. போலி என்று தெரிந்த பிறகும் செய்தவன் கைத்திறனைப் பார்க்கிற கண் விலைப்பட்டியல் படித்து வருவதில்லை. அரம் பிடித்த கைக்குத்தான் அது வாய்க்கும்.

நேப்பாளத்துச் சாமானும் அவருக்குப் பரிச்சயம். 2003இல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் தலைமுறைகளாகக் கிடந்த பழைய ஆயுதங்களை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. கிரீஸும் தூசியும் அடைந்த பல்லாயிரம் துப்பாக்கிகள். அவற்றில் கஹேந்திரா என்ற ரைபிள் வெளியே மார்ட்டினி போலவே இருக்கும். உள்ளே திறந்தால் வேறு அமைப்பு. ஒவ்வொன்றும் கைவேலை என்பதால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காராது. படத்தை மட்டும் பார்த்து மார்ட்டினி என்று சொல்லிவிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அதனால்தான் ஐயா அக்கா மகனிடம் எப்போதும் இரண்டாவது படம் கேட்கிறார்: லீவரை இறக்கி, திறந்த வாயை மேலிருந்து எடுத்த படம்.

மார்ட்டினியின் பின்கதவான பிளாக் எப்படி இறங்குகிறது என்று காட்ட அவரிடம் ஒரு சாதனம் இருக்கிறது. ரப்பர் மரப் பலகையில் அவரே செதுக்கிய குறுக்குவெட்டு மாதிரி. குழலும் கட்டையும் கிடையாது, இயக்கம் மட்டும். பிளாக்கின் பின்முனையில் ஒரு மூங்கில் ஆணி. லீவரை விரலால் தள்ளினால், பின்முனை ஆணியில் நிற்க முன்முனை கீழே சாய்கிறது; அதே அசைவில் கூடு இழுப்பானின் வால் தட்டுப்பட்டு மேல்முனை பின்னால் வருகிறது. அசல் துப்பாக்கியின் பலவீனமும் இங்கேயே தெரியும். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த ஆரம்பகாலத் தோட்டாக் கூடுகள், சூடேறிய அறையில் ஒட்டிக்கொண்டன. 1880களில் சூடான் மணலில் சிப்பாய்கள் இதில் சிக்கித் தவித்தார்கள். பிறகு வந்த நான்காம் மாதிரியில் லீவரை நீளமாக்கினார்கள். நீளம் கூடினால் இழுக்கிற பலம் கூடும்.

அமெரிக்க வகைகளின் கோளாறு வேறு. மார்லின் 336 லீவரை இறக்கிய நிலையில் இறுகிக்கொண்டால், பலர் பலம் கொடுத்து இழுக்கிறார்கள். ஐயா முதலில் பார்க்கச் சொல்வது தோட்டாவைத் தூக்கும் தட்டின் அடிப்பக்கம். லீவர் நுனியின் கூரான விளிம்பு நாள்பட அதில் பள்ளம் போட்டுவிடும். தட்டு உயர வேண்டிய நேரத்தில் உயராது. அந்த இடைவெளியில் தோட்டாக் குழாயிலிருந்து இரண்டாவது தோட்டா அடியில் நுழைந்துவிடும். துப்பாக்கிக்காரர்கள் இதை ‘மார்லின் ஜாம்’ என்றே சொல்கிறார்கள். லீவர் நுனியை மயிரிழை அளவுக்கு உருட்டித் தேய்த்து, தேய்ந்த தட்டை மாற்றினால் போதும். தட்டை மட்டும் மாற்றிவிட்டு நுனியை அப்படியே விட்டால், அதே நோய் திரும்பி வரும்.

வின்செஸ்டர் என்றால் அவர் தொடர் எண்ணைக் கேட்பார். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894 மாதிரி 70 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எண் 27 இலட்சமோ அதற்கு மேலோ என்றால் 1964இலோ அதற்குப் பிறகோ செய்தது. அந்த ஆண்டு செலவைக் குறைக்கச் சில பாகங்களைத் தகட்டில் அடித்துச் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முந்தையவற்றுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். பழைய மாதிரிகள் பலவற்றுக்குத் தொழிற்சாலைப் பேரேடு வயோமிங் மாநிலம் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது; எண்ணைக் கொடுத்தால், எந்த நாளில் கிடங்கை விட்டுப் போனது என்று கடிதம் தருவார்கள்.

பேரேடு எல்லாவற்றையும் சொல்லாது. 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடி ஒரு வின்செஸ்டர் 1873 கிடைத்தது. கட்டை வெயிலில் வெளுத்து, அடி மண்ணில் புதைந்திருந்தது. பேரேட்டில் 1882இல் அனுப்பப்பட்டதாகப் பதிவு. யாருக்கு என்ற விவரம் இல்லை. கோடியில் எக்ஸ்ரே எடுத்தபோது கட்டைக்குள் ஒரு தோட்டா தெரிந்தது. அது 1887க்கும் 1911க்கும் இடையில் செய்யப்பட்டது. ஆக, 1887க்கு முன்பு அந்த ரைபிள் அங்கே விடப்பட்டிருக்க முடியாது. நிபுணர்கள் அதைப் புதிதாக்கவில்லை. உரியும் மரத்தை ஒட்டி நிறுத்தியதோடு கையை எடுத்துக்கொண்டார்கள். ஐயா இந்தக் கதையைச் சொல்லும்போது, தன் சொந்த வேலை வெற்றி பெற்றதுபோல் முகம் மலர்கிறார்.

பழைய சாமானைக் கண்டதும் தேய்த்துப் பளபளப்பாக்குகிற பழக்கத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. நானும் அவர் பக்கம்தான். நீலப்பூச்சை உரித்து மறுபூச்சுப் போட்டால், முத்திரைகளின் விளிம்பு மழுங்கும், ஆண்டு படிக்க முடியாமல் போகும். அதோடு பாதி விலையும் போகும், வரலாறும் போகும். விலை பார்க்கிறவர் முதலில் பார்ப்பது திருகாணிகளின் தலையை. தப்பான திருப்புளியால் பிய்ந்திருந்தால், யாரோ தெரியாதவர் உள்ளே போயிருக்கிறார் என்று பொருள். அந்தத் தகரப் பெட்டியில் அத்தனை திருப்புளிகள் இருப்பது இதற்காக.

அடையாளத்தோடு ஆவணமும் சேர்ந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவைச் சரணடைய வைத்த படைப்பிரிவின் கேப்டன் ஹென்றி லாட்டனிடம் இருந்த வின்செஸ்டர் 1886, தொடர் எண் 1. 2016இல் ஏலத்தில் 12,65,000 டாலருக்குப் போனது. அதே மாதிரி, அதே இரும்பு, வேறு எண் என்றால் அதில் சிறு பங்கே கிடைக்கும்.

பேராக் காற்றைப் பற்றியும் கேட்டேன். ஈரம்தான் பெரிய எதிரி என்றார். பழைய தோட்டாக்களின் பிரைமர் எரிந்ததும் குழலுக்குள் உப்பு படியும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஓரிரவில் துருவேற்றும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. கொதிநீரைப் புனல் வழியாக ஊற்றிக் கழுவி, காய்ந்த பிறகே எண்ணெய். துப்பாக்கியைத் தோல் உறைக்குள்ளேயே விட்டுவைப்பது அதைவிட மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். வெப்பமண்டலத்துக்கென்று தனியே கற்க வேண்டிய பாடங்கள் இவை.

இந்த நாட்டில் ஆயுதங்கள் அரிதாக இருப்பது நல்லது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் கிடப்பவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களும் அரிதாகிக்கொண்டே போவது நல்லதல்ல. தோட்டத்து ஸ்டோரிலும் போலீஸ் கிடங்கிலும் தமிழர்கள் பழகிய கைத்திறன் எழுத்தில் ஏறாமலே போய்விடக் கூடாது.

ஐயாவின் பேத்தி அதைத் தொடங்கியிருக்கிறாள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு கணக்கு நோட்டில் தமிழிலும் மலாயிலும் எழுதுகிறாள், முத்திரைகளை வரைகிறாள். பிரிஸ்பன் மார்ட்டினிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று. விற்பனைச் சீட்டில் என்ன எழுதுவது என்று அக்கா மகன் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலையும் அதில் குறித்துக்கொண்டாள்: கைபர் கைவேலை, பொறித்த ஆண்டு 1907, செய்த ஆண்டு தெரியவில்லை, சுடத் தகாதது, திருகாணிகள் திறக்கப்படாதவை.