கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்

ஹானலூலு நகரத்து வைகீகிக் கடற்கரையில் வெண்கல மனிதர் ஒருவர் இரு கரங்களையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஆளுயரத்தையும் மிஞ்சிய பலகை ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. விரித்த கரங்களில் எந்நேரமும் மலர் மாலைகள் தொங்குகின்றன. நமது ஊரில் சிலைக்கு மாலை போட வேண்டுமானால் ஒரு ஜயந்தி தினம் வேண்டும். ஒரு தலைவர் வேண்டும். ஓர் ஏணியும் வேண்டும். இங்கேயோ வழியோடு போகிறவர்கள் தம் கழுத்து மாலையைக் கழற்றி அந்தக் கையிலே மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

அவர் பெயர் டியூக் கஹானமோகு. 'டியூக்' என்றதும் அவரை ஆங்கிலப் பிரபு என்று நினைத்துவிட வேண்டாம். அது அவருடைய தகப்பனாருக்கு இடப்பட்டு, பிறகு பிள்ளைக்கும் வந்து சேர்ந்த பெயர். ஆள் அசல் ஹவாய்க்காரர். 1890-ல் பிறந்து 1968-ல் காலமானார்.

1990-ல் இந்தச் சிலையை நிறுவியபோது உள்ளூர் மக்களுக்கு ஒரு மனக்குறை ஏற்பட்டதாம். சிலை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கடலுக்கு ஒருபோதும் முதுகைக் காட்டாதே என்பதுதான் அலைமீது ஏறுகிறவனுக்குச் சொல்லித் தரும் முதற்பாடம். ஆயுள் முழுவதும் அந்தப் பாடத்தைப் போதித்தவரையே திருப்பி நிறுத்திவிட்டார்களே என்று அவர்கள் வருந்தினார்கள். சிலையருகே நின்று படம் எடுத்துக்கொள்ளும் யாத்திரிகர்களுக்குப் பின்னணியில் கடல் விழ வேண்டும் என்பதற்காக இவ்விதம் செய்தார்களோ என்று நமக்குத் தோன்றியது.

முதற்பாடத்தை நாமும் கற்றுக்கொள்ளாமல் விடவில்லை. கரையிலே பலகை வாடகைக்குக் கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் மாணாக்கராகச் சேர்ந்தோம். வயது அறுபதுக்குக் குறையாது. அங்கே சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோரும் அவரை 'அங்கிள்' என்றே அழைத்தார்கள். வயதில் மூத்தவர்களை மாமா என்றும் அத்தை என்றும் உறவு சொல்லி அழைப்பது இந்தத் தீவு மக்களுக்கு நம்மைப் போலவே இயல்பு. ஆகவே நாமும் 'அங்கிள்' என்றோம்.

"எழுந்து நிற்க அவசரப்படாதீர்கள். முதலில் அலையைப் பாருங்கள்" என்றார். பார்த்தோம். அலை நம்மைப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதல் முறை பலகை ஒரு புறமும் நாம் ஒரு புறமுமாகச் சென்றோம். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை முழங்காலில் நின்றபடி சுமார் பத்துக் கஜ தூரம் வந்துவிட்டோம். அந்தப் பத்துக் கஜத்தில் அடைந்த ஆனந்தத்தை விவரிக்கப் புகுந்தால் நேயர்கள் நகைப்பார்கள், ஆதலால் விட்டுவிடுகிறோம்.

ஹவாய் மொழியில் இவ்வித்தைக்கு 'ஹேஎ நலு' என்று பெயர். அலையிலே வழுக்கிச் செல்வது என்று பொருள். காப்டன் குக்கின் கப்பலில் வந்த லெப்டினெண்ட் ஜேம்ஸ் கிங் 1779-ல் கெயலகெகுவா விரிகுடாவில் இதைக் கண்டு பிரமித்து எழுதி வைத்தார். அதே விரிகுடாவின் கரையில்தான் அவ்வருஷம் பிப்ரவரி மாதம் 14-ந் தேதி குக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் அரசர்களும் அலையேறினார்கள், அரசிகளும் ஏறினார்கள், குடியானவர்களும் ஏறினார்கள். 'ஓலோ' என்ற நீண்ட பலகை பிரபுக்களுக்கு உரியது. 'அலையா' என்ற குட்டைப் பலகை எல்லோருக்கும் பொது.

ஹானலூலுவிலுள்ள பிஷப் மியூஸியத்தில் இந்தப் பழைய பலகைகளைப் பார்த்தோம். அபநெர் பாக்கி என்ற பிரபுவின் பலகை சுமார் 16 அடி நீளம். சுமார் 150 ராத்தல் எடை. அதைக் கடலுக்குத் தூக்கிச் செல்வதற்கே ஒரு பயில்வான் வேண்டும். ஓலோவுக்கு உகந்ததாகக் கருதப்பட்ட 'விலிவிலி' மரம், நமது கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது என்று அறிந்து வியப்புற்றோம். அதே முள், அதே இலகு. மரத்தை வெட்டுமுன் அதன் அடியில் சிவந்த மீன் ஒன்றைப் படைத்துப் பிரார்த்தனை செய்வார்களாம். பிறகு செதுக்கி, பவளக் கல்லால் தேய்த்து, கருஞ்சாயம் ஏற்றி, எண்ணெய் பூசுவார்கள். அலங்காரம் என்று ஒரு கோடு கூட அந்தப் பலகைகளில் இல்லை. ஆயினும் அந்த மண்டபத்தில் அவற்றைக் காட்டிலும் அழகிய பொருள் ஒன்றையும் நாம் காணவில்லை. 1920-களில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் வந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த பாக்கியின் பலகைகளைச் செப்பனிட்டார்; அவற்றின் மாதிரியிலே புதிய பலகைகளையும் செய்தார். தம் பாட்டனார் சொத்தைப் பிறர் வந்து துடைத்து வைக்கும் அனுபவம் நமக்கும் புதியதன்று.

கவனிப்பார் இல்லாமற் போனதற்குக் காரணம் உண்டு. 1820-ல் மதப் பிரசாரகர்கள் வந்து இறங்கினார்கள். அரை நிர்வாணமாக நீரில் விளையாடுவதை அவர்கள் விரும்பவில்லை. ஆனால் அவர்களைக் காட்டிலும் கொடியவையாக வந்தவை அம்மையும் இதர கொள்ளை நோய்களும். லட்சக்கணக்கில் இருந்த மக்கள் 1890-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 40,000 பேராகக் குறைந்துவிட்டார்கள். அலை இருந்தது, ஏறுவதற்கு ஆள் இல்லை.

1893-ல் கரும்புத் தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும், அமெரிக்கக் கப்பற் படையினர் கரையில் இறங்கி நிற்க, ராணி லிலியுஒகலானியை சிங்காதனத்திலிருந்து இறக்கினார்கள். 1896-ல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனா மொழியென்று சட்டம் செய்தார்கள். 1897-ல் 21,000 பேருக்கு மேல் கையொப்பமிட்டு, "எங்கள் நாட்டை இணைத்துக்கொள்ள வேண்டாம்" என்று வாஷிங்டனுக்கு மகஜர் அனுப்பினார்கள். 40,000 பேரில் 21,000 கையொப்பம்! ஆயினும் 1898-ல் நாடு இணைக்கப்பட்டது. நூறு வருஷம் கழித்து, 1993-ல், அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. மன்னிப்பு வந்தது, நாடு வரவில்லை.

இப்படிச் சகலத்தையும் இழந்த ஜனசமூகத்திலிருந்துதான் டியூக் புறப்பட்டார். 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார்; 1920-ல் ஆண்ட்வெர்ப்பில் மறுபடியும் பெற்றார். 1914-ம் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியா சென்று, பைன் மரத்தில் தாமே செதுக்கிய பலகையில் ஸிட்னிக் கடலில் அலையேறிக் காட்டினார். 1925-ல் கலிபோர்னியாக் கரையோரம் படகு கவிழ்ந்தபோது, தம் பலகையுடன் பன்முறை கடலுக்குள் பாய்ந்து எட்டு உயிர்களைக் கரை சேர்த்தார். கடலில் விழுந்தவர்களை மீட்பதற்கு அலைப்பலகை உதவும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இன்று அவர் கொண்டு சென்ற வித்தை உலகமெங்கும் பரவிவிட்டது. நமது சென்னைக்குத் தெற்கே கோவளத்து மீனவ இளைஞர்களும் அதில் வல்லவர்களாக விளங்குகிறார்கள். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் அலைச் சவாரி முதன் முறையாக இடம் பெற்றது. பெண்களுக்கான தங்கத்தை வென்றவர் ஹானலூலுவில் பிறந்த காரிஸா மூர். அவ்விளையாட்டின் தொழில்முறைப் பந்தயங்களில் ஹவாய்க்காரர்கள் தம் சொந்தக் கொடியின் கீழ் ஆடலாம். ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை. ஏறியது அமெரிக்கக் கொடி. அங்கிளிடம் இதைக் கேட்டோம். "அலைக்குத் தெரியும், அவள் யார் என்று" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகையைக் கழுவப் போனார்.

ஹவாய் மொழியில் 'மாலமா' என்று ஒரு சொல் உண்டு. பேணுதல், கண்ணுங் கருத்துமாகக் காத்தல் என்பது பொருள். 1976-ல் 'ஹோகுலெஆ' என்ற இரட்டைத் தோணியில், திசைகாட்டும் கருவி எதுவுமின்றி நட்சத்திரங்களையும் அலைகளையும் பார்த்தே டாஹீட்டித் தீவு வரை சென்று, தம் முன்னோர் அறிவு பொய்யல்ல என்று நிரூபித்தார்கள். 1978-ல் அதே தோணி மறுபடி புறப்பட்டபோது புயலில் கவிழ்ந்தது. எட்டி ஐகாவ் என்ற புகழ் பெற்ற அலைவீரர், "நான் போய் உதவி கொண்டு வருகிறேன்" என்று தம் பலகைமீது படுத்துக் கையால் துழாவிச் சென்றார். மற்றவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர் திரும்பவேயில்லை. 2014 முதல் 2017 வரை அத்தோணி உலகத்தையே சுற்றி வந்தது. அந்தப் பிரயாணத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'மாலமா ஹோனுவா', பூமியைப் பேணுதல்.

பேண வேண்டிய அவசியம் எவ்வளவு என்பதைக் காண, விமானம் ஏறி ஹவாய்ப் பெருந்தீவுக்குச் சென்றோம். அதன் தென்கிழக்கு முனையில் கமிலோ என்ற கடற்கரை இருக்கிறது. நீரோட்டம் சுழன்று வந்து சேரும் இடம் என்பதே அதன் பெயருக்குப் பொருள். முற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்துப் பெருமரங்கள் மிதந்து வந்து அங்கே ஒதுங்குமாம். தோணி செய்கிறவர்கள் காத்திருந்து எடுத்துக்கொள்வார்களாம். அதே சுழல்தான் இன்றும் வேலை செய்கிறது. ஆனால் வருவது மரமல்ல. வலை, புட்டி மூடி, பல் துலக்கும் பிரஷ், பெட்டி, வாளி! மணலை ஒரு கை அள்ளினால் பாதி மணல். மீதி நீலமும் பச்சையும் வெள்ளையுமான பிளாஸ்டிக் நொய்.

1997-ல் ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பாய்மரக் கப்பலில் திரும்பிய சார்ல்ஸ் மூர் என்ற மாலுமி, பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் இந்தக் குப்பை மிதப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் அவரும், பாட்ரீஷியா கார்க்கொரன் என்ற பூகர்ப்ப சாஸ்திரியும், கெல்லி ஜாஸ்வாக் என்ற சிற்பியும் சேர்ந்து கமிலோவில் ஒரு புதுவகைக் கல்லை ஆராய்ந்தார்கள். கரையில் மூட்டும் நெருப்பில் பிளாஸ்டிக் உருகி, மணலையும் எரிமலைக் கற்சிதறலையும் பவளத்தையும் கட்டிப் பிடித்து இறுகியது அக்கல். 2014-ல் அதற்குப் 'பிளாஸ்டிகிளாமரேட்' என்று நாமகரணம் செய்தார்கள். சாஸ்திரி அதை மண்ணடுக்கில் மனிதன் இடும் முத்திரை என்றார். சிற்பியோ உளி படாத அந்தக் கற்களை அப்படியே எடுத்துச் சித்திரசாலையில் சிற்பமென்று வைத்தார். செதுக்கியவர் யார் என்று கேட்டால் நாம் அனைவருந்தான்.

நவீனக் கலை என்றால் நமக்கு எப்போதும் சற்றுச் சந்தேகம் உண்டு. ஆனால் 2009-ல் கிறிஸ் ஜோர்டன் என்பவர் மிட்வே தீவில் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். இறந்து மக்கிய ஆல்பட்ராஸ் குஞ்சுகள்; வயிறு இருந்த இடத்தில் வண்ண வண்ண மூடிகள், சிகரெட் பற்றவைக்கும் லைட்டர்கள். இரை என்று நம்பித் தாய்ப் பறவை ஊட்டியவை அவை.

கமிலோவில் தொண்டர்கள் சிலர் சாக்குகளுடன் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாமும் கூடச் சேர்ந்துகொண்டோம். உச்சி வேளையில் அந்தப் புதுக் கல் ஒன்று நம் கைக்கு அகப்பட்டது. கருங்கல்லும் பவளமும் பச்சைக் கயிறும் ஒன்றாய் இறுகிய உருண்டை. எடுத்துப் போகலாமா என்று நினைத்தபோது ஒரு தயக்கம். இந்தத் தீவின் எரிமலைக் கல்லை வெளியே கொண்டு போனால் பேலே அம்மன் கோபிப்பாள் என்பார்கள். எடுத்துப் போன யாத்திரிகர்கள் பயந்து தபாலில் திருப்பி அனுப்புவதும் உண்டு.

அருகில் இருந்த வயதான அம்மாளிடம், "ஆன்ட்டி, இதை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டோம்.

அந்த அம்மாள் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகு நேரம் யோசித்தார்.

"இதில் பாதி அம்மனுடையது, கொண்டு போகக் கூடாது. மற்றப் பாதி அவளுக்கு வேண்டாம்; விட்டுவிட்டும் போகக் கூடாது" என்றார்.

பிறகு அதை ஒரு பாறையின்மீது வைத்துவிட்டு, நிறைந்துவிட்ட சாக்கின் வாயைக் கட்டக் கயிறு தேடினார். தேடுவதில் சிரமம் ஒன்றுமில்லை. அவர் காலடியில் எத்தனையோ கயிறுகள் கிடந்தன.