பிள்ளையார்பாளையத்துத் தறிகள்

காஞ்சிபுரம் போகிறவர்கள் ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜப் பெருமாள் என்று கோயில்களைக் கும்பிட்டுவிட்டு, காந்தி ரோட்டில் சேலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். விவசாயக் குடும்பங்கள் பிள்ளையார்பாளையம் பக்கமும் ஒருமுறை நடந்து வர வேண்டும்.

நெசவாளர் தெருக்களில் காலையில் பாவை நீளமாக நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். மழை வந்தால் அந்த வேலை நின்றுவிடும். குழித்தறியிலும் ஈரம் ஏறும். வானத்தைப் பார்த்துப் பிழைப்பவர்கள் நாம் மட்டுமல்ல.

உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றிருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளிக்குத் துணையாக இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது வீட்டு ஆள்தான். பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது; ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. நூலைக் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுப்பார்கள். நெசவாளிக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. விலை வைப்பது அவரில்லை. நமக்கும் பழகிய கதைதான்! அதனால்தான் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். 2005-ல் கிடைத்த புவிசார் குறியீடு சேலையின் பெயரைக் காக்கிறது. தறியில் உட்கார ஆள் வேண்டுமே?

கல்யாணத்துக்குச் சேலை எடுப்பவர்கள் கூட்டுறவுச் சங்கக் கடையில் பில்லுடன் வாங்குங்கள். சில்க் மார்க் பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. ஜரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.