பலகையும் பதிவேடும்

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழி கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை நான் இந்த ஆண்டுதான், அதுவும் பட்டுத்தான் அறிந்தேன்.

செங்கத்துக்காரர்களுக்குச் சாத்தனூர் அணையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முழு மட்டம் 119 அடி. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டபோது விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் பட்ட பாட்டை நாடே அறியும். அத்தகைய இரவில் நீர்மட்டம் காட்டும் ஓர் எண்ணுக்கு என்ன மதிப்பு என்று எண்ணிப் பாருங்கள். கணிப்பொறிகளுக்கும் அப்படி அளவு காட்டும் பலகை உண்டு. அதை டாஷ்போர்டு என்பர். சுவீடனைச் சேர்ந்த டார்க்கெல் ஓடெகார்டு தொடங்கி, 2014ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய கிராஃபானா என்னும் மென்பொருள் அத்தகைய பலகைகளை வரைந்து தருகிறது.

ஆய்வகத்துச் சர்வருக்கு அப்படியொரு பலகை அமைக்கும் பணி எனக்கும் என் நண்பனுக்கும் கிடைத்தது. பலகையின் வடிவம் முழுவதும் ஜேசன் கோப்பு ஒன்றில் இருந்தது. அந்தக் கோப்பு எந்த அடைவில் உள்ளது என்பதை யாமல் கோப்பு ஒன்று கிராஃபானாவுக்குச் சொல்லும். இவ்வசதி 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சேர்ந்தது. திரையிலேயே திருத்திச் சேமிக்கவும் நாங்கள் அனுமதி கொடுத்து வைத்திருந்தோம். வினை அங்கேதான் விளைந்தது.

வட்டில் 80 விழுக்காடு நிரம்பினால் சிவப்பு காட்டும்படி ஒரு சனிக்கிழமை திரையில் மாற்றினேன். கோப்பில் பழைய 95 அப்படியே இருந்தது. திங்களன்று நண்பன் கோப்பில் தலைப்பை மட்டும் திருத்திச் சேமித்தான். கிராஃபானா பத்து விநாடிக்கு ஒரு முறை கோப்பைப் பார்க்கும் வழக்கமுடையது. பார்த்தது, என் 80 போய் 95 வந்து உட்கார்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. பச்சை நிறத்தை நம்பி வீட்டுக்குப் போனோம். இரவோடு இரவாக வட்டில் நிரம்பிவிட்டது. மறுநாள் முதலாண்டு மாணவர்களால் செய்முறைப் பயிற்சியைச் சேமிக்க முடியவில்லை. அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நண்பன் மேல் பழி போட நா துடித்தது. ஆனால் தவறு என்னுடையதே.

அன்று மாலை அம்மாவின் பால் அட்டை கண்ணில் பட்டது. பால் சங்கத்தில் ஊற்றும் அளவைப் பதிவேட்டிலும் எழுதுவார்கள், அட்டையிலும் எழுதுவார்கள். கணக்கு முடிப்பது பதிவேட்டை வைத்துத்தான். அட்டையை மட்டும் நாம் திருத்திக்கொண்டால் பணம் கூடுமா? எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா தினமும் இரண்டையும் ஒத்துப் பார்க்கச் சொல்லித்தான் நகர்வாள். கல்லூரிக்கு வந்த நான் அதைச் செய்யவில்லை!

அதன் பின் மூன்று விதிகள் வகுத்தோம். ஒன்று, திரையில் சேமிக்கும் அனுமதியை எடுத்துவிட்டோம். பரிசோதிக்க வேண்டுமானால் தனிப் படி எடுத்துப் பார்க்கலாம். சரியென்று கண்டால் ஜேசனை வெளியே எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். இரண்டு, கோப்புகளெல்லாம் கிட் களஞ்சியத்தில் இருக்கும். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது அங்கே பதிவாகும். மூன்று, பலகை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளக் குறி. இரு கோப்புகளுக்கு ஒரே குறி இருந்தால் ஒன்றோடொன்று மோதும். கோப்பை நீக்கினால் பலகையும் நீங்கிவிடும் என்பதால், அதைத் தடுக்கும் குறிப்பையும் யாமலில் எழுதி வைத்தோம்.

இப்போது சர்வர் பழுதானாலும் கவலையில்லை. கோப்புகளைப் புதிய சர்வரில் வைத்தால் பலகைகள் அப்படியே எழுந்து நிற்கும். நாங்கள் கல்லூரியை விட்டுப் போன பிறகும், அடுத்து வரும் தம்பி தங்கைகள் 80 என்ற எண்ணையும், அதை ஏன் வைத்தோம் என்ற காரணத்தையும் படித்துக்கொள்ளலாம். அழுது தீராத கடனை எழுதியாவது தீர்த்தோம் என்ற நிறைவு எனக்கு உண்டு.