பத்தரை மணி

கண்ணு, உனக்குக் கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று தெருவே கேசரி தின்றது. நானும் தின்றேன், உன் பாட்டி முறைத்ததை நீ பார்த்திருப்பாய். பட்டா மாறுதல், அடங்கல், சிட்டா எல்லாம் வேலையில் உட்கார்ந்தால் தானாகக் கைக்கு வந்துவிடும். மகஜர், அதாவது போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றும்போது சாட்சி வைத்து எழுதும் காகிதம், அப்படியல்ல. என்றைக்காவது ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "மேடம், ஒரு கையெழுத்து மட்டும் வேணும்" என்பார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1993. நானும் உன்னைப் போல் கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலம். ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடம் விட்டு, இருட்டுகிற நேரம் வாய்க்கால் மேட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஒருவன் அவரைத் தள்ளிவிட்டு ஐந்து பவுன் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். கழுத்தில் சங்கிலி அழுந்திய இடம் சிவந்து கன்றியிருந்தது. சும்மா எடுத்துக்கொண்டு போனால் திருட்டு. எடுப்பதற்காக அடித்தாலோ, மறித்தாலோ, பயமுறுத்தினாலோ அது வழிப்பறி. அப்போதைய தண்டனைச் சட்டத்தில் 392-வது பிரிவு, பத்து ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் செய்தால் பதினான்கு ஆண்டு வரை போகும்.

டீச்சரம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸ் ஒருவனைப் பிடித்து, ஜெயிலில் நடுவர் முன்னால் அடையாள அணிவகுப்பு வைத்தபோதும், "பின்னாலிருந்து வந்தானுங்க, எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டார். யாரையாவது கை காட்டியிருந்தால் போலீசுக்கு வேலை சுலபம். அவர் காட்டவில்லை. அந்த வழக்கில் இருந்தவர்களிலேயே நேர்மையான ஆள் அவர்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆக, வழக்கு முழுக்க 'ரிக்கவரி'யில், அதாவது நகையை மீட்டதில், தொங்கியது. போலீசிடம் ஒருவன் என்ன ஒப்புக்கொண்டாலும் கோர்ட்டில் அது செல்லாது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் 27-வது பிரிவு என்று ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. "என்னைக் கூட்டிப் போனால் நகையைப் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன்" என்று சொல்லி, அதன்படி நகையும் கிடைத்தால் அந்த ஒரு வரி மட்டும் ஏற்கப்படும். அந்த வரியைக் கேட்டதற்கும் நகையை எடுத்ததற்கும் வெளியாள் இரண்டு பேரைச் சாட்சி வைப்பது வழக்கம். ஊரில் யாரும் வரமாட்டார்கள், கோர்ட்டுக்கு அலைய யாருக்கு நேரமிருக்கிறது? அதனால் நம்மையும் தலையாரியையும் கூப்பிடுவார்கள்.

நகையை எடுத்த அன்றைக்கு நான் தாலுகா ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் ஊர் திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் ஏட்டு மறித்தார். "சார், எல்லாம் முடிஞ்சுது, உங்க கையெழுத்துதான் பாக்கி." பைக் டேங்க் மேல் காகிதத்தை வைத்துக் கொடுத்தார். தலையாரி ஏற்கெனவே போட்டிருந்தார். 'மதகுக்கு வடபுறம், கல்லுக்கு அடியில், காலை 10.30 மணி' என்று எழுதியிருந்ததெல்லாம் பிற்பாடுதான் என் கண்ணில் பட்டது. ஏட்டு நல்ல மனிதர், தெரிந்தவர், நகையும் நிஜமாகவே கிடைத்திருக்கிறது. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று போட்டேன்.

இரண்டு வருஷம், எத்தனையோ வாய்தா கழித்து விசாரணை வந்தது. நான் அ.சா.4, அதாவது அரசுத் தரப்பின் நான்காவது சாட்சி. எனக்கு முன்னால் டீச்சரம்மா சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நகையை விசாரணை முடிகிற வரைக்கும் பிணையில் அவரிடமே கொடுத்திருந்தார்கள். கேட்கும்போது கொண்டுவந்து காட்ட வேண்டும். கழுத்திலிருந்து அதைக் கழற்றுவதற்கு முன் கூண்டுக்குள்ளேயே திரும்பி நின்று, கைப்பையிலிருந்து மஞ்சள் துண்டு கட்டிய கயிறு ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கொடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சான்றுப் பொருள் 1 என்று குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் டவாலி மூன்று தடவை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் நான் "ஆமாம்" என்றேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு என் வயதுதான் இருக்கும். சத்தமே போடாதவர். மதகு எந்தப் பக்கம், கல் எவ்வளவு பெரிசு என்றெல்லாம் கேட்பாரென்று பயந்து, முதல் நாள் சாயங்காலம் போய் மதகைச் சுற்றிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. "மகஜர் தேதியன்று உங்கள் பிர்காவுக்கு ஜமாபந்திதானே?" என்றார்.

ஜமாபந்தி என்பது வருஷா வருஷம் நடக்கும் கிராமக் கணக்குத் தணிக்கை. அன்று கிராமக் கணக்கைச் சுமந்துகொண்டு காலையிலேயே தாலுகா ஆபீசில் நிற்க வேண்டும். கணக்கில் நம் கையெழுத்தும் தேதியும் இருக்கும். ஊர் ஜனம் பாதி மனுவோடு அங்கே உட்கார்ந்திருக்கும். "காலை பத்தரைக்கு எங்கே இருந்தீர்கள்?" என்று அடுத்துக் கேட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "ஜமாபந்தியில்" என்றேன்.

அரசு வக்கீல் எழுந்து என்னைப் பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி கேட்டார். நிஜத்தைச் சொன்னதற்குக் கிடைத்த பட்டம். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பொய்யை என் கையெழுத்து இரண்டு வருஷம் முன்பே சொல்லிவிட்டதே. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து, பிடிபட்டவனை விட்டுவிட்டார்கள். அவன்தான் பறித்தானென்றால் நான் தப்பவிட்டேன். அவன் இல்லையென்றால், ஜாமீன் கிடைக்கும் வரைக்கும் அவன் உள்ளே கிடந்ததில் என் பங்கும் இருக்கிறது. இரண்டில் எது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போது 2024 ஜூலை 1 முதல் சட்டங்கள் மாறிவிட்டன. வழிப்பறிக்கு 309, வெறும் பறிப்புக்கு 304 என்று எண்களெல்லாம் வேறு. பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்றும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் செல்போன் எடுப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டுமே. கூப்பிட்டால் போ, வரமாட்டேன் என்று சொல்லாதே. நீயும் போகாவிட்டால் அந்த டீச்சரம்மா மாதிரியானவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இடத்துக்குப் போ. உன் கடிகாரத்தைப் பார். பார்க்காததை எழுதியிருந்தால், "சார், நான் வந்தப்போ இது நடந்து முடிஞ்சிருச்சு, அப்படியே எழுதுங்க" என்று சொல். முகம் சுளிப்பார்கள். நாலு நாள் பேசமாட்டார்கள். அப்புறம் இன்னொரு கேஸுக்குக் கூப்பிடத்தான் செய்வார்கள்.

அன்று கூண்டிலிருந்து இறங்கியதும், தட்டச்சு செய்த என் வாக்குமூலத்தைப் பெஞ்ச் கிளார்க் நீட்டினார். கடைசியில் 'படித்துப் பார்த்து சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று இருந்தது. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அடுத்த கேஸுக்கு டவாலி கூப்பிட்டுவிட்டார்.

"என்ன சார், நீங்க சொன்னதுதானே? போட்டுட்டுப் போங்க" என்றார் கிளார்க்.

"இருங்க, இன்னும் ஒரு பக்கம் இருக்கு" என்றேன்.