ஈட்டியும் கவசமும் தாங்கிய பெயர்கள்

ஜெர்மானியப் பாட்டிமார்களின் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் போர்க்களத்தின் ஓசை கேட்கும். கெர்ட்ரூடில் ஈட்டியும் வலிமையும் இருக்கின்றன. புரூன்ஹில்டில் கவசமும் போரும், மத்தில்டேயில் ஆற்றலும் போரும். ‘ஹில்ட்’ என்றாலே போர்தான். பெயரின் ஈற்றில் வரும்போது அது பெண்களுக்கே உரியது. ஹெட்விக்கிலோ முன்பாதியும் போர், பின்பாதியும் போர்.

போர்மேல் போர் என்று யார் மகளுக்குப் பெயர் வைப்பார்கள்?

பழைய ஜெர்மானியக் குடிகளில் பெயர் முழுப்பொருள் தரவேண்டும் என்ற கட்டாயமில்லை. இரண்டு சொற்களைக் கோத்துப் பெயராக்கினார்கள். பல நேரங்களில் ஒரு பாதி தந்தை பெயரிலிருந்து வரும், மறுபாதி தாயிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ வரும். பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதுதான் பெயரின் முதல் வேலை. எனவே பெயர்ப் புத்தகங்கள் ஒற்றை வரியில் தரும் பொருளை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஹில்டெகார்டில் போரும் காப்பும் உண்டு. ஆனால் 1098இல் பிறந்த பிங்கன் நகர ஹில்டெகார்ட் கன்னியர் மடத்தின் தலைவி. இசையமைத்தார், மூலிகைகளைப் பற்றி எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபை 2012இல் அவரை மறைவல்லுநராக அறிவித்தது.

கிறிஸ்தவத்தோடு மார்கரெட்டே, எலிசபெத், கத்தரினா ஆகிய பெயர்கள் வந்து சேர்ந்தன. வந்த பெயர்களை வீடுகள் செல்லமாகக் குறுக்கிக்கொண்டன. முத்து என்று பொருள்படும் மார்கரெட்டே, கிரேட்டேயாகவும் கிரெட்டலாகவும் கிரெட்ஹெனாகவும் ஆனாள். எலிசபெத்திலிருந்து லீசல், எல்ஸே, இல்ஸே என்று ஒரு கூட்டமே கிளைத்தது. உலகறிந்த ஹைடியும் இப்படிப்பட்ட செல்லப்பெயர்தான். முழுப்பெயர் ஆடெல்ஹைட், உயர்குடித் தன்மை என்று பொருள். சுவிஸ் எழுத்தாளர் யோஹன்னா ஷ்பீரியின் 1880ஆம் ஆண்டுக் கதையில், பிராங்க்பர்ட் பணக்கார வீட்டை நிர்வகிக்கும் ராட்டன்மையர் அம்மையார் அந்த மலைநாட்டுச் சிறுமியை ஆடெல்ஹைட் என்றுதான் கூப்பிடுவார். தாத்தாவின் மலைக்குடிலில் வளர்ந்தவளுக்கு அந்தக் கம்பீரமான பெயர் அந்நியமானது. ஒரு குழந்தையை அதன் வீட்டுப்பெயரிலிருந்து பிரிப்பது எவ்வளவு கொடியது என்பதை ஷ்பீரி நன்றாக அறிந்திருந்தார்.

இன்று ஜெர்மனியில் செல்வாக்குள்ளவை எமிலியா, சோபியா, ஹன்னா. லத்தீன், கிரேக்க, எபிரேய வழி வந்தவை. முழுமை என்ற பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்த எம்மா அவற்றோடு தலைநிமிர்ந்து நிற்கிறாள். சமாதானத்தைத் தாங்கிய ஃப்ரீடாவும் திரும்பி வந்திருக்கிறாள். கெர்ட்ரூடும் ஒருநாள் வரவேண்டும். அத்தனை வலுவான பெயரை முதியோரிடம் மட்டும் விட்டுவைப்பது நியாயமில்லை.

ஜெர்மனியில் பெற்றோர் தேர்ந்த பெயரைப் பதிவு அலுவலகம் மறுக்கவும் முடியும். ஒளிக்கதிர் என்று பொருள்படும் ஓர் இந்தியப் பெயரை மகளுக்குச் சூட்டிய பெற்றோரிடம், பெயரைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்று அதிகாரிகள் தடை சொன்னார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம்வரை போனது. குழந்தையின் நலன் கெடாதவரை பெயர் சூட்டும் உரிமை பெற்றோருடையது என்று 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மகளுக்கு அந்தப் பெயரே நிலைத்தது.